எலியாருக்கு ஒரு வாழ்த்து மடல்

மாண்புமிகு எலியார் அவர்களே! காவல் நிலையச் சொத்து அறையின் சந்து கண்டவரே, மூட்டை கிழித்த முன்னோடியே, சாட்சியம் தின்ற சான்றோரே!

பாராட்டு விழா எடுக்கப்படாத ஆள் இந்த மாநிலத்தில் கிடையாது. பாலத்துக்கு அடிக்கல் நாட்டியவருக்கு ஒன்று எடுத்தோம், விரிசல் விட்ட பாலத்தை நேரில் பார்வையிட்டவருக்கும் ஒன்று எடுத்தோம். தங்களுக்கு மட்டும் இதுவரை ஒரு பொன்னாடை இல்லை, முச்சந்தியில் ஒரு ஃபிளெக்ஸ் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த மடல்.

தங்கள் சாதனைகள் ஊரறிந்தவை. 2020-ல் மெரினா போலீசார் 22 கிலோ கஞ்சா என்று சொல்லி இருவரைப் பிடித்தார்கள். வழக்கு நடந்தது. 2023 ஜூலையில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. பிடித்த எடைக்கு ஏற்ற சரக்கு எங்கே என்று கேட்டபோது, போலீஸ் தரப்பு கை காட்டியது தங்களை. வடக்கே மதுராவில் தங்கள் உறவினர்கள் இன்னும் பெரிய இலையில் உட்கார்ந்தார்கள். இரண்டு காவல் நிலையங்களில் வைத்திருந்த 581 கிலோவையும் அவர்களே காலி செய்ததாக 2022-ல் நீதிமன்றத்தில் அறிக்கை போனது. ஜார்க்கண்டின் தன்பாத்தில் 2024-ல் 10 கிலோ பாங்கு, 9 கிலோ கஞ்சா. நகரந்தோறும் கிளை, கிளைதோறும் பசி.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டது என்று சில பேர் நாக்கில் நரம்பில்லாமல் பேசுவார்கள். தாங்கள் மனம் தளர வேண்டாம். மேய்ந்தது வேலியல்ல, தாங்கள்தான் என்று அரசே எழுத்துமூலம் சொல்லியிருக்கிறது.

கணக்குப் பிள்ளைகள் சிலர் வேறு குறுக்கே வருவார்கள். ஓர் எலி நாளொன்றுக்குச் சுமார் 20 கிராம் தின்னும். 581 கிலோவை முடிக்க நூறு எலிகள், வேறு ஒரு பருக்கையும் தொடாமல், ஒன்பது மாதத்துக்கு மேல் உட்கார்ந்து தின்ன வேண்டும். அர்ஜென்டினாவில் பிலார் என்ற ஊரில் 540 கிலோ இதே மாதிரி காணாமல் போய், 2018-ல் அங்குள்ள போலீசாரும் எலியைத்தான் சொன்னார்கள். அந்த நாட்டு நிபுணர்களுக்கு நாகரிகம் போதாது. எலி இதைத் தீனி என்று நினைக்காது, அப்படியே தின்றிருந்தாலும் கிடங்கு முழுக்கச் செத்த எலி கிடந்திருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். எட்டு போலீஸ்காரர்களுக்கு வேலை போயிற்று. நம் ஊரில் அப்படி யார் மனதையும் புண்படுத்தும் வழக்கமில்லை.

சட்டத்தின்படி தங்கள் நிலை என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், தைரியமாக இருக்க உதவும். போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் போனால் 20 ஆண்டு, அபராதம் ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம். ஜாமீன் சுலபத்தில் கிடையாது. ஆக, 22 கிலோ தின்ற தாங்கள் ஆயுசுக்கும் வெளியே வரக்கூடாது. எலியின் ஆயுசு இரண்டு மூன்று வருஷம்தான் என்பதால் அரசுக்கும் செலவு குறைவு.

இவ்வளவு பாராட்டிய பிறகு ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். தங்களை யாராவது மருத்துவரிடம் காட்டினார்களா?

நிஜமாகத்தான் கேட்கிறேன். இத்தனை கிலோ கஞ்சா ஒரு ஜீவனின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்று அரசே நம்புகிறது. அந்த ஜீவனுக்கு என்ன ஆயிற்று, தூக்கம் வருகிறதா, பிரமை பிடித்து வளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று ஓர் அதிகாரிக்காவது கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. ஏனென்றால் இந்த நாட்டில் கஞ்சா என்பது கிலோ. அதை உள்ளே இழுக்கும் உடம்பு எந்தப் படிவத்திலும் இல்லை. எலியானாலும் சரி, பள்ளிக்கூடத்துப் பையனானாலும் சரி.

செய்தித்தாளைப் புரட்டினால் தெரியும். ஒரு மேஜை, மேஜைமேல் பொட்டலங்கள், பின்னால் விறைப்பாக நிற்கும் அதிகாரிகள், முகம் மறைத்த நான்கு பையன்கள். கீழே எத்தனை கிலோ, மதிப்பு எத்தனை லட்சம், எத்தனை பேர் கைது. தமிழ்நாட்டில் இதற்கு 'ஆபரேஷன் கஞ்சா வேட்டை' என்று பெயர். 2021 டிசம்பரில் ஆரம்பித்து, 2.0, 3.0, 4.0 என்று செல்போன் மென்பொருள் மாதிரிப் பதிப்புப் போட்டார்கள். மென்பொருளில் புதுப் பதிப்பு வந்தால் பழைய கோளாறு என்ன, எதைத் திருத்தினோம் என்று ஒரு வரி எழுதுவார்கள். இங்கே 1.0-ல் என்ன சரியாகவில்லை என்பதால் 2.0 வந்தது என்று யாரும் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒவ்வொரு வேட்டையும் மாபெரும் வெற்றி. வெற்றி பெற்றதனால்தான் அடுத்த வேட்டை தேவைப்பட்டது!

ஆந்திரத்துக்காரர்கள் இதையும் தாண்டினார்கள். 2021-ல் 'ஆபரேஷன் பரிவர்த்தனா' என்று மலைக்காட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை வெட்டிச் சாய்த்தார்கள். 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவை மலை மாதிரி குவித்து, பந்தல் போட்டு, படமெடுத்து, தீ வைத்தார்கள். பொதுமக்கள் உடல்நலம் காக்கும் சட்டத்தின் பெயரால் திறந்த வெளியில் 200 டன் கஞ்சாப் புகை. காற்று எந்தப் பக்கம் அடித்தது என்பது அறிக்கையில் இல்லை. தேனி மாவட்டத்து மலையில் ஒரு காலத்தில் இருந்த தோட்டங்கள் அழிந்து, இன்று தமிழ்நாட்டில் கஞ்சா சாகுபடி பூஜ்யம் என்று அரசு பெருமைப்படுகிறது. உண்மையாகவே இருக்கலாம். விளைவது பூஜ்யம், பிடிபடுவது டன் கணக்கு. நடுவில் ரயில் என்ற ஒன்று ஓடுகிறது.

பையன்கள் கதைக்கு வருவோம். கஞ்சா ஒன்றும் செய்யாது, மூலிகைதான், சிவன் சொத்து என்று பேசும் தாடிக்கார அண்ணன்மார்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. இழுப்பவர்களில் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்பருவத்தில் தொடங்கினால் ஆறில் ஒருவர் என்கிற அளவுக்குப் போகிறது. தினசரி இழுப்பவர்களுக்கும், சரக்கின் வீரியம் கூடக் கூடவும், குடும்பத்தில் மனநோய் இருந்தாலும் மனப்பிறழ்வு வரும் ஆபத்து ஏறுகிறது. பதினைந்து வயசுப் பையன் சுவரில் யாரோ பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்க முழித்திருக்கும் வீட்டில் போய் மூலிகை மகிமை பேசிப் பாருங்கள், அவன் அம்மா கையில் கிடைத்ததை எடுப்பாள்.

அந்த அம்மாவுக்கு நம் சட்டம் என்ன தருகிறது? தராசு தருகிறது. பையன் பையில் இருந்தது எத்தனை கிராம்? வீரியம் எவ்வளவு, அதில் என்ன கலந்திருந்தது, அவன் எத்தனை வயசில் தொடங்கினான் என்பதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. எடை மட்டும்தான். பிடிபட்டபின் விசாரணை நடக்கும். விசாரணைக்குப் போகிற பையன்கள் நம் ஊரில் அடிக்கடி பாத்ரூமில் வழுக்கி விழுவது உலகப் பிரசித்தம். காவல் நிலையத்துக் குளியலறைத் தரையை இத்தனை வருஷமாக எந்தப் பொதுப்பணித் துறையாலும் சரிசெய்ய முடியவில்லை. அதனால், போதையில் சிக்கிய பல ஏழைப் பையன்களுக்கு அரசு தரும் முதல் மருத்துவ உதவி மாவுக்கட்டு.

இத்தனைக்கும் அந்தச் சட்டத்திலேயே 64-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்டவர், அல்லது உபயோகித்ததற்காக வழக்குப் போடப்பட்டவர், போதைக்கு அடிமையானவராக இருந்து, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விடுபடலாம். எத்தனை காவல் நிலையத்தில் இது எழுதித் தொங்குகிறது? கைதான பையனின் தகப்பனிடம் எந்த ஏட்டையா இதைச் சொன்னார்? வட்டச் செயலாளரைப் போய்ப் பார் என்பார், வக்கீலைப் பார் என்பார், கூடவே தன்னையும் கவனிக்கச் சொல்வார். டாக்டரைப் பார் என்று சொன்னவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சட்டம் பிறந்த கதையும் தங்கள் காதில் விழ வேண்டும். 1961-ன் சர்வதேச ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, 1985 ஆகஸ்ட் கடைசியில் நாடாளுமன்றத்துக்குள் வந்த மசோதா அடுத்த மாதமே சட்டமாயிற்று. நடைமுறைக்கு வந்தது நவம்பர் 14. குழந்தைகள் தினம்! அன்றிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டே இருக்கிறோம். செடியின் பூக்கும் நுனி கஞ்சா, அது குற்றம். நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. அதனால் இலையை அரைத்துப் பாலில் கலந்தால் பாங்கு. உத்தரப் பிரதேசத்தில் கலால் துறை அதற்கு உரிமம் கொடுக்கிறது. ஜெய்சல்மரில் 'அரசு அங்கீகாரம் பெற்ற பாங்குக் கடை' என்று பலகை வைத்து வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிக்கு லஸ்ஸி ஊற்றிக் கொடுக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் காசிருந்தால், அதே இலையின் சாற்றை 'விஜயா' என்ற ஆயுர்வேதப் பெயரில், ஆயுஷ் உரிமத்தோடு, அழகான சிறு குப்பியில் இணையத்தில் வாங்கலாம். வீடியோவில் ஒரு மருத்துவர் தூக்கம் வரவில்லையா என்று கேட்பார். வரவில்லை என்றால் போதும், ஆயிரக்கணக்கில் விலையோடு குப்பி வீட்டுக்கே வரும். 2021-லிருந்து அதன் விதை உணவுப் பொருள், உணவுப் பாதுகாப்பு ஆணையமே அனுமதித்துவிட்டது. இமாச்சலம் பயிரிடலாமா என்று சோதனை செய்கிறது, உத்தராகண்டம் நாருக்காக எப்போதோ உரிமம் கொடுத்துவிட்டது.

அடையாற்றில் பால்கனியில் நின்று எண்ணெய்ச் சொட்டை நாக்கடியில் விடுகிறவருக்குப் பதற்றம் தீர்கிறது. கூவத்தங்கரையில் பொட்டலத்தோடு நிற்கிறவனுக்குக் கால் முறிகிறது. இருவரும் தேடியது ஒரே செடியை. செடி பேதம் பார்ப்பதில்லை, பார்க்கிற வேலையை நாமே செய்து கொடுக்கிறோம்.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே நாட்டில் இதே செடியைப் பற்றி உட்கார்ந்து விசாரித்திருக்கிறார்கள். 1893-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, மேக்வொர்த் யங் தலைமையில் ஓர் ஆணையம் போட்டார்கள். 1,193 சாட்சிகள், ஏழு தொகுதிகள், மூவாயிரத்துக்கு மேல் பக்கங்கள். வெள்ளைக்காரன் வரி வருமானத்தை மனதில் வைத்துத்தான் பார்த்திருப்பான், அவன் ஒன்றும் புத்தன் அல்ல. ஆனால் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தார்கள். கஞ்சா இழுத்தால் பைத்தியம் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, பைத்தியக்கார ஆஸ்பத்திரிப் பதிவேட்டைக் கொண்டுவா என்றார்கள். 1892-ம் ஆண்டு 222 பேருக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்தது. ஒவ்வொன்றாகத் தோண்டினார்கள். கஞ்சாவுக்கும் பங்குண்டு என்று சொல்லத்தக்கவை 98. அவற்றில் கஞ்சா மட்டுமே என்பவை 61. மற்றதெல்லாம்? நோயாளியைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரரோ மாஜிஸ்திரேட்டோ படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று எழுதி வைத்தது. 61 என்பது சின்ன எண் அல்ல, 61 மனிதர்கள். ஆனால் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க அன்றைக்கு ஆள் இருந்தது.

நம் காலத்திலும் ஒரு முறை ஒழுங்காக எண்ணினார்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் செய்து 2019-ல் வெளியான கணக்கெடுப்பு அது. கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்து உபயோகிப்பவர்கள் சுமார் 3.1 கோடி. அவர்களில் உதவி தேவைப்படுகிறவர்கள் 72 லட்சம். மது அருந்துகிறவர்கள் 16 கோடி, அதில் உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடி. மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

இந்த இடத்தில் தாங்கள் மீசையைத் துடைத்துக்கொண்டு கேட்பீர்கள்: அந்த 5.7 கோடிப் பேருக்காக ஏன் வேட்டை இல்லை? எலியாரே, அது வேட்டை அல்ல, வியாபாரம். தமிழ்நாட்டில் மதுக்கடை நடத்துவது அரசு. 2024-25-ல் டாஸ்மாக் வருவாய் 48,344 கோடி ரூபாய். தீபாவளிக்கு எத்தனை கோடிக்கு விற்றது என்று கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி மண்டலவாரியாகச் செய்தி வரும். மதுரை முந்தும், சென்னை துரத்தும். 2022 ஆகஸ்டில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று போதைக்கு எதிராக உறுதிமொழி எடுத்தார்கள், வலது கையை நீட்டி, வெயிலில். உறுதிமொழி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் பச்சைப் பலகைக் கடை திறந்திருந்தது. உறுதிமொழி எடுக்கச் சொன்னவரும் கடைக்காரரும் ஒருவரே என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாமலா இருக்கும்?

இதனால்தான், கஞ்சாவையும் முறைப்படுத்தி விற்கலாம், வயது வரம்பு வைக்கலாம், வீரியத்தை அச்சிடலாம், விளம்பரத்தைத் தடுக்கலாம் என்று படித்தவர்கள் சொல்லும்போது, தலையாட்டத் தொடங்கி பாதியில் நின்றுவிடுகிறேன். கனடா 2018-ல் அப்படிச் செய்தது. ஜெர்மனி 2024-ல் ஒருவர் வெளியே 25 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம் என்றது. யோசித்துச் செய்தால் சிறைக்குப் போகிறவர்களாவது குறைவார்கள். யோசிக்காமல் செய்தால் தாய்லாந்து. 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பட்டியலிலிருந்து எடுத்தார்கள், ஒழுங்குச் சட்டத்தை எழுத மறந்தார்கள். தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. மூன்று வருஷம் கழித்து, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் என்று பின்வாங்கினார்கள். நம் ஊரில் யார் செய்வார்கள்? எனக்குக் கண்முன் தெரிகிறது: 'டாஸ்மாக் பி-பிரிவு', மண்டல மேலாளருக்குப் பொங்கல் இலக்கு, பொட்டலத்துக்குப் பத்து ரூபாய் கூடுதல், பார் ஏலம் எடுக்க வட்டச் செயலாளர். வயது வரம்பு 21 என்று பலகையில் இருக்கும். பலகை, கடைக்குப் பின்பக்கம் இருக்கும்.

வேட்டைக்காரர்கள் அறியாத இன்னொரு விஷயத்தைத் தங்களிடம் சொல்கிறேன், தங்களுக்கு மூக்கு உண்டு. கஞ்சா மணக்கும். மாத்திரை மணக்காது. வலிக்கான மாத்திரையை நுணுக்கி, தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் வடசென்னையில் மட்டுமல்ல, டெல்டாவிலும் கொங்கிலும் இருக்கிறார்கள். அரை கிலோ பொட்டலம் ஒளிக்கச் சிரமம், பத்து மாத்திரை அட்டை சட்டைப்பைக்குள் அடங்கும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது மஞ்சள்காமாலைக் கிருமியும் எச்ஐவியும் கூடவே கைமாறும். நரம்பு புண்ணாகிக் கை அழுகும். கிலோவில் அளந்தால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, தராசு முள் அசையாது. அதனால் அறிக்கையில் கஞ்சா குறைந்திருக்கும். அதிகாரிக்குப் பதக்கமும் கிடைக்கும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய்யாகும். 2025-ல் 'கலங்கரை' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்தார்கள். நல்ல காரியம், தாமதமான நல்ல காரியம். அதே மாநிலத்தில் அப்போது மதுக்கடைகள் நாலாயிரத்து எழுநூறுக்கு மேல். விழுவதற்கு நாலாயிரத்துச் சொச்சம் பள்ளம் வெட்டியவர் ஏறி வர 25 ஏணி வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்த மையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே ஒரு தொலைபேசி இருந்தால் இன்னும் நன்றி சொல்வேன்.

அடுத்த பதிப்பு வேட்டைக்கு மேஜை போடுவார்கள், பொட்டலங்களை அடுக்குவார்கள், ஊடகக்காரர்களை அழைப்பார்கள். அன்றைக்கு எத்தனை கிலோ என்று எந்த நிருபரும் கேட்க வேண்டாம், அதை அவர்களே சொல்வார்கள். கைதானவர்களில் எத்தனை பேர் இருபது வயதுக்குக் கீழே, எத்தனை பேரிடம் 64-ஏ பிரிவைப் படித்துக் காட்டினீர்கள், எத்தனை பேர் மருத்துவர் முன்னால் உட்கார்ந்தார்கள், போன வேட்டையில் அப்படி உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் இப்போது வேலைக்குப் போகிறார்கள் என்று ஒருவராவது கேட்கட்டும். பதில் தெரியாது என்றால் தெரியாது என்றே அச்சிடட்டும், கிலோவுக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில்.